'லைன் இல்ல' என்றால் எது இல்லை? வீட்டு கேம் கன்சோலின் அருகலைச் சிக்கலைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி



"லைன் இல்ல டீச்சர்." 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. இயங்கலை வகுப்புக்கு வரவில்லை என்றாலும் இதே பதில்தான். நேற்றிரவு விளையாட்டு பாதியில் நின்றுபோனது என்றாலும் இதே பதில்தான். மாணவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. எது பழுது என்று பெயர் சொல்லத் தெரியாததால்தான் பல வீடுகளில் நன்றாக இருக்கிற ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். இல்லையென்றால், "இந்த கேம் பொட்டி கெட்டுப் போச்சு" என்று கன்சோலைக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். இரண்டுமே ரிங்கிட்டுக்குக் கேடு.

இந்தக் கட்டுரையில் கேம் கன்சோலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ சுவிட்ச் மூன்றிலும் இணைப்பைச் சோதிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அது சொல்வதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், அதே அருகலையில் ஓடும் மடிக்கணினியின் சிக்கலும் கைப்பேசியின் சிக்கலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 2021 ஜனவரியில் பிரிட்டனில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மடிக்கணினி இல்லாத பிள்ளைகள் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றின் உலாவி வழியாகப் பாடங்களைத் திறக்கலாம் என்ற குறிப்பு அங்கே பரவலாகப் பகிரப்பட்டது. ஆகவே இது வெறும் விளையாட்டு விஷயமில்லை.

இணைப்பு வேறு, இணையம் வேறு

முதலில் இந்த வேறுபாட்டை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. குழாய் அடைத்திருக்கலாம், வீட்டுத் தொட்டி காலியாக இருக்கலாம், சாலையில் பெரிய குழாய் உடைந்திருக்கலாம். மூன்றுக்கும் "தண்ணி இல்ல" என்றுதான் சொல்வோம். ஆனால் மூன்றையும் சரிசெய்யும் ஆள் வேறு, இடம் வேறு.

கன்சோலுக்கும் அப்படித்தான். அதிலிருந்து விளையாட்டு வரை நான்கு கண்ணிகள் இருக்கின்றன.

ஒன்று, கன்சோலிலிருந்து ரவுட்டர் வரை. இதுதான் அருகலை, அதாவது வைஃபை. காற்றில் போகும் வானொலி அலை.

இரண்டு, ரவுட்டர் உங்கள் கன்சோலுக்குக் கொடுக்கும் முகவரி. இதை ஐ.பி. முகவரி என்பார்கள். வீட்டுக்குள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

மூன்று, வீட்டிலிருந்து சேவை நிறுவனம் வரை. ஃபைபர் கம்பியாகவோ 4ஜி, 5ஜி சிம் அட்டையாகவோ இருக்கலாம்.

நான்கு, அங்கிருந்து விளையாட்டு நிறுவனத்தின் சர்வர் வரை.

அருகலைச் சின்னம் முழுதாகத் தெரிந்தால் முதல் கண்ணி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இணையம் வருகிறது என்று பொருளில்லை. "வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா லைன் இல்ல" என்று ஒரு மாணவன் சொன்னால், அவன் பாதிப் பழுதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டான் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: அதே அருகலையில் கைப்பேசி வேலை செய்கிறதா? கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதை மறந்துவிட்டால் கைப்பேசி சிம் வழியாக ஓடிக்கொண்டிருக்கும், நாம் அருகலை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் கன்சோலைத் தொடவே வேண்டாம். பழுது மூன்றாவது கண்ணியில் அல்லது ரவுட்டரில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது? ஃபைபர் இணைப்புள்ள வீட்டில், கம்பி வந்து சேரும் சிறு பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளிச் சைகை வீட்டுக்கு வரவே இல்லை என்று பொருள். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கம்பி மடிந்திருக்கிறதா, பூனையோ பிள்ளையோ இழுத்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். அழைக்கும்போது, "லைன் இல்ல" என்று சொல்லாமல், "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டிலும் குறை இல்லை என்றால்தான் கன்சோல் பக்கம் திரும்ப வேண்டும்.

சோதனைத் திரையை மேலிருந்து கீழே படியுங்கள்

பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸ், பிறகு நெட்வொர்க் என்று போனால் இணைய இணைப்பைச் சோதிக்கும் 'டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன்' கிடைக்கும். எக்ஸ்பாக்ஸிலும் சுவிட்சிலும் இதே மாதிரி சோதனை உண்டு. பிளேஸ்டேஷன் திரையில் வரிசையாக வருபவை இவை: ஐ.பி. முகவரி பெறுதல், இணைய இணைப்பு, பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைதல், நாட் வகை, பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம்.

இந்த வரிசை சும்மா வைத்ததில்லை. பெரும்பாலும் முந்தியது சரியாக இருந்தால்தான் அடுத்தது நடக்கும். எனவே முதலில் தோல்வி காட்டும் வரி எதுவோ, அதுதான் பழுது இருக்கும் இடம். அதற்குக் கீழே வரும் தோல்விகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 1: அருகலையே கண்ணில் படவில்லை

பட்டியலில் உங்கள் வீட்டு அருகலையின் பெயரே இல்லையா? இங்கேதான் பலர் கன்சோல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மை என்னவென்றால், 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. 2016-இல் வந்த ஸ்லிம், புரோ வகைகளுக்குத்தான் இரண்டும் தெரியும். புதிய ரவுட்டரில் 2.4-ஐ அணைத்துவிட்டால், பழைய கருவிக்கு அந்த வீட்டில் அருகலையே இல்லை. ரவுட்டர் அமைப்புக்குள் போய் 2.4-ஐத் திறந்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். அருகலைப் பெயரின் கடைசியில் '5ஜி' என்று இருப்பது கைப்பேசி நிறுவனம் விற்கும் 5ஜி இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். முன்னது ஐந்தாம் தலைமுறை, பின்னது அலையின் எண். ஒரே எழுத்து, இரண்டு பொருள். தமிழாசிரியர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை!

படி 2: பெயர் தெரிகிறது, சேர முடியவில்லை

பிளேஸ்டேஷன் 4-இல் என்டபிள்யூ-31297-2 என்ற பிழை எண் வந்தால் முதலில் கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பூஜ்யமா ஓவன்னாவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லை அண்ணன் மாற்றியிருப்பார், கன்சோல் இன்னும் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். பழைய அமைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கருவிகளால் உள்ளே வர முடியாது. டபிள்யூ.பி.ஏ.2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும். பாதுகாப்பையே எடுத்துவிடாதீர்கள். அது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போல.

படி 3: சேர்ந்துவிட்டது, ஐ.பி. முகவரி கிடைக்கவில்லை

ரவுட்டர் முகவரி கொடுக்கத் தடுமாறுகிறது என்று பொருள். இதற்குத்தான் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' வைத்தியம் பொருத்தமானது. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். கன்சோலை முழுவதும் அணையுங்கள், ஓய்வு நிலையில் விடாதீர்கள். ரவுட்டரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். விளக்குகள் நிலைபெறும்வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, அதன் பிறகு கன்சோலைத் திறங்கள். ரவுட்டரின் பின்னால் இருக்கும் சிறு ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். அது மறுதொடக்கம் இல்லை, ரவுட்டரில் இருக்கும் எல்லா அமைப்பையும் அழித்துவிடும்.

யாராவது முன்பு முகவரியைக் கையால் தட்டியிருந்தால், அதைத் தானியங்கி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: முகவரி கிடைத்தது, இணையம் தோல்வி

கைப்பேசியில் இணையம் நன்றாக இருந்து கன்சோலில் மட்டும் வரவில்லை என்றால், டி.என்.எஸ். என்னும் பெயர்ப் புத்தகத்தைப் பாருங்கள். நாம் தட்டும் இணைய முகவரியை எண்ணாக மாற்றிக் கொடுப்பது அதுதான். கன்சோல் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் கூகளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கன்சோலின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் சில சமயம் கணக்குக்குள் நுழைய முடியாது. அதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இணையம் வெற்றி, கணக்கில் நுழைவது மட்டும் தோல்வி என்றால் அது நான்காவது கண்ணி. விளையாட்டு நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே பராமரிப்பு என்று போட்டிருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். புத்தகத்தை எடுத்துப் படியுங்கள்.

படி 5: எல்லாம் வெற்றி, ஆனால் நண்பனோடு சேர முடியவில்லை

இது நாட் வகைச் சிக்கல். பிளேஸ்டேஷனில் வகை 3, எக்ஸ்பாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்', சுவிட்சில் டி என்று வந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கன்சோலை வந்தடையவில்லை. சுவிட்சில் 2618-0516 என்ற பிழை எண் வருவதும் இதனால்தான்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் நாமே இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருப்போம். இரண்டு வாசல், இரண்டு காவலாளி. இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் ஒரு காவலாளி குறைவார். முதல் ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்ற வசதி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு காரணம், சேவை நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பது. சிம் அட்டை ரவுட்டர்களில் இது சாதாரணம். வீட்டுக்குள் எதை மாற்றினாலும் இது தீராது. பொது ஐ.பி. முகவரி கிடைக்குமா என்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இணைப்பு உண்டு, ஆனால் ஆமை வேகம்

லாபிஸ் போன்ற சிற்றூரில் தாமான் வீடுகளைப் பாருங்கள். ஃபைபர் கம்பி முன்கூடத்துக்கு வருகிறது, ரவுட்டரும் அங்கேயே நின்றுவிடுகிறது. தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், சாமி மேடைக்குக் கீழே என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைக்கிறோம். கன்சோலோ பின்னறையில் இருக்கிறது. இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அலையை உறிஞ்சும். செங்கல் சுவர் ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைக்கும். ரவுட்டரை நெஞ்சு உயரத்துக்கு, திறந்த இடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு சென் செலவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள்.

எந்த அலைவரிசையில் சேர்வது? 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அண்டை வீட்டு அருகலை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்தப் பகுதியில்தான் உலவுகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒரே அறையிலோ ஒரு சுவர் தாண்டியோ இருந்தால் 5-இல் சேருங்கள். வீட்டின் கடைக்கோடி என்றால் 2.4-இல் சேருங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 மூன்றுதான். அண்டை வீட்டார் எல்லாரும் 6-இல் இருந்தால் நீங்கள் 1 அல்லது 11-க்கு மாறுங்கள். யூ.எஸ்.பி. 3.0 வெளி வன்தட்டு மாட்டியிருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதுவும் 2.4 பகுதியில் இரைச்சல் எழுப்பும்.

அடுத்து ஒரு கணக்கு. இணைய வேகத்தை பிட்டில் சொல்கிறோம், கோப்பின் அளவை பைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 கிகாபைட் விளையாட்டு என்றால் 800 கிகாபிட். வினாடிக்கு 30 மெகாபிட் திட்டத்தில் அது முழு வேகத்தில் இறங்கினாலும் 7 மணி 24 நிமிடம் ஆகும். 100 மெகாபிட்டில் 2 மணி 13 நிமிடம். தம்பி மாலையில் பதிவிறக்கத்தைத் தட்டிவிட்டால், அக்காவின் இயங்கலை வகுப்பு ஏன் தேங்குகிறது என்பது இப்போது புரியும். இது பழுதில்லை, பங்கீடு. பதிவிறக்கத்தை இரவு தூங்கப் போகும்போது வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

விளையாட்டில் ஆள் 'தாவுவது' மாதிரி தெரிந்தால் அது வேகக் குறைவு இல்லை, தாமதம். இதை மில்லிவினாடியில் அளப்பார்கள். லாபிசிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர இரண்டு மில்லிவினாடிகூட ஆகாது. வழியில் உள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும், சிங்கப்பூர் சர்வருக்கு எப்போதும் 100-க்கு மேல் காட்டினால் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு லேன் கம்பியை மாட்டிப் பாருங்கள். கம்பியில் குறைந்தால் குற்றவாளி அருகலை. கம்பியிலும் குறையவில்லை என்றால் அருகலை நிரபராதி.

சுவிட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017-இல் வந்த முதல் சுவிட்சின் தாங்கியில் லேன் துளை இல்லை, யூ.எஸ்.பி. இணைப்பான் தனியாக வேண்டும். 2021-இல் வந்த ஓலெட் வகையின் தாங்கியில் துளை இருக்கிறது.

தோட்டப்புற வீடுகளுக்கு

ஃபைபர் எட்டாத செம்பனைத் தோட்ட வீடுகளில் சிம் ரவுட்டரோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோதான் துணை. ரவுட்டரை வீட்டு நடுவில் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னல் ஓரம் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்க வேண்டாம். கன்சோலில் தானாகவே புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாதத் தரவு ஒரே இரவில் கரைந்து, மறுநாள் பாடத்துக்கு எதுவும் மிஞ்சாது.

எந்த வீடானாலும், இடி இடிக்கும்போது ரவுட்டர், மோடம், கன்சோல் மூன்றின் மின்செருகியையும் கழற்றிவிடுங்கள். செம்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றுங்கள். நம் ஊர் மாலை மழைக்கு எத்தனையோ மோடம்கள் பலியாகியிருக்கின்றன. இடி பக்கத்தில் விழ ஆரம்பித்த பிறகு கம்பியைத் தொடாதீர்கள். கருமேகம் கூடும்போதே கழற்றிவிடுவதுதான் நல்லது.

தேர்வு மாணவர்களுக்கு

இதில் உங்களுக்கு என்ன பயன்? விளக்கக் கட்டுரையில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது, எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுவதில்தான். மேலே பார்த்த சோதனைத் திரை ஒரு நல்ல கட்டுரைச் சட்டகம். ஒரு படிக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் அறிகுறி, காரணம், தீர்வு என்ற வரிசை. முந்திய படி முடிந்த பிறகே அடுத்த படி. "இதனால்", "ஆயினும்", "அதன் பிறகே" போன்ற இடைச்சொற்கள் தாமாக வந்து உட்காரும்.

சொல்லாட்சியும் முக்கியம். 'லைன் இல்ல' என்ற வாக்கியத்தைக் கீழ்க்கண்ட நான்காகப் பிரித்து எழுதிப் பழகுங்கள்.

"கன்சோல் அருகலையைக் கண்டறியவில்லை."

"அருகலையில் இணைந்தது, ஆனால் முகவரி கிடைக்கவில்லை."

"முகவரி கிடைத்தது, ஆனால் இணையம் வரவில்லை."

"இணையம் வருகிறது, ஆனால் சர்வர் பதிலளிக்கவில்லை."

பேச்சில் 'லைன்' என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. எழுத்தில் மட்டும் எந்த லைன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்கள் இதை ஓர் இணைநடவடிக்கையாகச் செய்யலாம். ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் சேவை மைய அலுவலர். வாடிக்கையாளர் கையில் ஒரு பழுது எழுதிய அட்டை இருக்கும். அலுவலர் ஐந்து கேள்விக்குள் பழுது எந்தக் கண்ணியில் என்று கண்டுபிடிக்க வேண்டும். முழு வாக்கியத்தில், தமிழில் மட்டும் பேச வேண்டும். படிவம் 4, 5 மாணவர்களுக்கு இருபது நிமிடம் போதும்.

அடுத்த முறை ஒரு மாணவர், "டீச்சர், லைன் இல்ல" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். "எந்த வரியில் நின்னுச்சு?" என்று கேளுங்கள். சோதனைத் திரையைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லும் பதிலில், பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.